கேமரா வாங்கும் முன் கதவைப் பாருங்க

ஜூன் மாசம் ஆரம்பிச்சா போதும், ஜூனியர்ஸ்கிட்ட இருந்து ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, குற்றாலம் போறோம். வாட்டர்ப்ரூஃப் கேமரா எது நல்லது?" கூடவே ரெண்டு ஸ்கிரீன்ஷாட். ஒண்ணுல 16 மெகாபிக்சல், 25 மீட்டர் ஆழம். இன்னொண்ணுல 20 மெகாபிக்சல், 31 மீட்டர் ஆழம். "ரெண்டாவதுதானே அண்ணா பெஸ்ட்?"

இந்தக் கேள்விக்கு ரெண்டு வருஷமா மழுப்பலா பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். காரணம் இருக்கு, பின்னாடி சொல்றேன். இந்தத் தடவை ஒழுங்கா பதில் சொல்லிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அந்த ரெண்டு நம்பரையுமே நீங்க கடைசியா பார்த்தா போதும். முதல்ல பார்க்க வேண்டியது பேட்டரியும் மெமரி கார்டும் போடற அந்தச் சின்னக் கதவு. அது எப்படி மூடுது, எப்படிப் பூட்டுது, உள்ளே இருக்கிற ரப்பர் எப்படி இருக்கு, அதை மாத்த முடியுமா. கேமரா தண்ணியில சாகறதும் பிழைக்கறதும் அங்கதான் முடிவாகுது.

"நீர்புகா கேமரா"ன்னு தமிழ்ல எழுதறோம். நான் இங்கிலீஷ் மீடியம்தான். ஆனா தமிழ் வகுப்புல ஒரே ஒரு இலக்கணம் மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். "புகா"ன்னா நேத்தும் புகலை, இன்னைக்கும் புகாது, நாளைக்கும் புகாது. மூணு காலத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. அவ்ளோ பெரிய உத்தரவாதத்தை எந்தக் கம்பெனியும் கொடுக்கறது இல்ல. அவங்க கொடுக்கறது ஒரு டெஸ்ட் ரிசல்ட். அந்த டெஸ்ட்ல என்ன இருக்குன்னு பார்த்தா நிறைய விஷயம் புரியும்.

பெட்டி மேல ஐபிஎக்ஸ்7, ஐபிஎக்ஸ்8னு போட்டிருக்கும். ஐஇசி 60529ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்டுல இருந்து வர்ற குறியீடு. ஐபிக்கு அப்புறம் முதல் இலக்கம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாக்குப் பிடிச்சது. 8ன்னா அதை விடக் கடினமான நிலை, ஆனா எவ்ளோ ஆழம், எவ்ளோ நேரம்னு கம்பெனியே சொல்லும். டெஸ்ட் நடக்கறது புதுசா, சுத்தமா இருக்கிற பொருள்ல, அசையாம நிக்கிற நல்ல தண்ணியில. உப்புத் தண்ணியில இல்ல, குளோரின் போட்ட நீச்சல் குளத்துலயும் இல்ல. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. முக்கி எடுக்கற 7, 8 டெஸ்ட்ல பாஸ் ஆச்சுன்னா, பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கான 5, 6 டெஸ்ட்லயும் பாஸ்னு அர்த்தம் கிடையாது. அது தனி டெஸ்ட், தனியா எழுதியிருக்கணும்.

போன் கதையும் இதேதான். 2022-ல ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட் சாம்சங்கோட ஆஸ்திரேலியக் கிளைக்கு 14 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. கடல்லயும் நீச்சல் குளத்துலயும் கேலக்ஸி போனை வச்சு விளையாடற மாதிரி விளம்பரம் போட்டாங்க. ஆனா அந்தத் தண்ணி சார்ஜிங் போர்ட்டை அரிச்சிடும். ஐபி68 போன் வச்சிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ அருவிக்கு வருவோம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பெர்னோலி சமன்பாடு படிச்சோமே, அதை நான் எக்ஸாம் ஹாலுக்கு வெளியே யூஸ் பண்ணின ஒரே இடம் இதுதான். தண்ணி எவ்ளோ உயரத்துல இருந்து தடையில்லாம விழுதோ, அது அடிக்கிற இடத்துல தோராயமா அவ்ளோ உயரத் தண்ணியோட அழுத்தம் வரும். 3 மீட்டர் மேல இருந்து குதிச்சீங்கன்னா 3 மீட்டர் ஆழத்துக்குச் சமம். 10 மீட்டர் தடையில்லாம விழற அருவிக்குக் கீழே கேமராவை நேரா நீட்டினா, அந்த இடத்துல 10 மீட்டர் ஆழம். நிஜத்துல அருவி பாறையில மோதி, காத்தோட கலந்து, துளித்துளியா உடைஞ்சுதான் வருது. அதனால கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா "நாம என்ன கடலுக்கு அடியிலயா போகப்போறோம், அருவிதானே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதே சமயம், தண்ணிக்குள்ள கையை வீசி நீந்தினா அழுத்தம் பல மடங்கு ஏறிடும்னு ஒரு பயமுறுத்தலும் சுத்துது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்துல கையை வீசினாலும் அரை மீட்டர் ஆழத்துக்குக்கூட சமம் ஆகாது. அந்தப் பயம் வேண்டாம்.

நிறைய பேர் நினைக்காத இன்னொரு வில்லன், வெயில். வேனோட டேஷ்போர்டுல கேமரா கிடக்குது. 50 டிகிரி சூடு ஏறியிருக்கு. அப்போ கதவைத் திறந்து பேட்டரி மாத்தி மூடறீங்க. உள்ளே மாட்டிக்கிட்ட காத்தும் 50 டிகிரி. நேரா 22 டிகிரி தண்ணியில முக்கறீங்க. காத்து குளிர்ந்து சுருங்கும், உள் அழுத்தம் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். 90 செ.மீ. தண்ணிக்குச் சமமான இழுப்பு அது. கேமராவே ஸ்ட்ரா மாதிரி தண்ணியை உள்ளே உறிஞ்சப் பார்க்கும். தண்ணி வரலைன்னாலும், உள்ளே இருந்த ஈரக்காத்து லென்ஸுக்குப் பின்னாடி பனி மாதிரி படியும்.

இதையெல்லாம் தடுத்து நிறுத்தறது ஒரு ரப்பர் வளையம். சில மில்லிமீட்டர் அகலம் கூட இருக்காது. அது மேல குறுக்கே ஒரு முடி கிடந்தா போதும். தலைமுடியோட தடிமன் 0.07 மி.மீ. அளவுதான். ஆனா ரப்பர் அந்த முடியைச் சுத்தி முழுசா வளைஞ்சு உட்கார முடியாது. முடியோட ரெண்டு பக்கமும் குட்டியா ஒரு சந்து. தண்ணிக்கு அது நெடுஞ்சாலை. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வெளிப்பக்கமா திறக்கிற கதவுன்னா, ஆழமா போகப்போகத் தண்ணியே கதவை உள்ளே அழுத்தி இறுக்கிடும். 3 செ.மீ.க்கு 4 செ.மீ. கதவு மேல, 10 மீட்டர் ஆழத்துல சுமார் 12 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. அதனால முடியோ மணலோ மாட்டின கேமரா பல நேரம் ஆழத்துல இல்ல, முழங்கால் தண்ணியிலயே செத்துப்போகும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, ஒரு கேமராவை நான் அப்படித்தான் கொன்னேன்.

செகண்ட் இயர். குற்றாலம் சீசன். 11 பேர், ஆளுக்கு 1,500 போட்டு, 16,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட்ஹேண்ட் வாட்டர்ப்ரூஃப் கேமரா வாங்கினோம். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறது இல்ல. அதோட தப்பு எதுவும் இல்ல, அதனால. காலையில மெயின் ஃபால்ஸ்ல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சோம். கேமரா கூடவே குளிச்சது, ஒண்ணும் ஆகலை. மதியம் புரோட்டா. வேன் வெயில்ல நின்னுச்சு. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு நான்தான் வேன்ல உட்கார்ந்து மாத்தினேன். கையில இன்னும் நல்லெண்ணெய் பிசுக்கு, கழுத்துல ஈரத் துண்டு. பிசுக்கைத் துடைக்கணும்னு துண்டு முனையால கதவைச் சுத்தி ஒரு துடை துடைச்சு, டக்குனு மூடினேன். அப்புறம் ஐந்தருவிக்குப் போனோம். அங்க கேமரா நண்பன் ஒருத்தன் கையில இருந்துச்சு. 20 நிமிஷத்துல ஸ்கிரீன்ல கோடு கோடா வந்து, லென்ஸுக்குள்ள பனி படர்ந்து, ஆஃப் ஆயிடுச்சு.

எல்லாரும் அவனைத்தான் பார்த்தாங்க. "நேரா தண்ணிக்குள்ள நீட்டினல்ல?" "பட்டனை மாத்தி அமுக்கினியா?" அவன் வாதம் பண்ணவே இல்ல. "என் கையில இருந்தப்பதானே போச்சு"ன்னு சொல்லி, அடுத்த மாசம் 8,000 ரூபாய் கொடுத்தான். வார இறுதியில கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு.

மெக்கானிக்கல் பையன், ஸ்க்ரூடிரைவர் செட் வச்சிருக்கேன்னு, செத்த கேமரா என்கிட்ட வந்துச்சு. ஹாஸ்டல் ரூம்ல கதவைத் திறந்தேன். ரப்பர் மேல குறுக்கே, எண்ணெயில ஒட்டிக்கிட்டு, ஒரு மஞ்சள் நூல். என் துண்டு மஞ்சள். நூலை எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டேன். மெமரி கார்டு நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோ எல்லாம் குரூப்ல போட்டேன். எல்லாரும் நன்றி சொன்னாங்க. அவனும்.

சரி. இப்போ எதை வாங்கலாம்னு பார்ப்போம், ஏன்னா கதவு மட்டும் நல்லா இருந்து போட்டோ கேவலமா வந்தா என்ன பிரயோஜனம்?

ஜிப்லாக் கவர் மாதிரி வர்ற போன் பவுச்சைப் பத்திக் கேட்பீங்க. போனைக் காப்பாத்த அது ஓகே. போட்டோவுக்கு இல்ல. பிளாஸ்டிக் வழியா எடுத்தா எல்லாமே மோர் ஊத்தின மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ள டச் ஸ்கிரீனும் உங்க பேச்சைக் கேட்காது.

வாட்டர்ப்ரூஃப் காம்பாக்ட் கேமராக்கள்ல பெரும்பாலானதுக்குள்ள இருக்கிறது 1/2.3 இன்ச் சென்சார். பேர்ல இன்ச் இருந்தாலும் நிஜ அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. சுண்டு விரல் நகத்தை விடச் சின்னது. ஏன் பெருசா வைக்கலைன்னா, பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேணும். சாதாரண கேமராவுல லென்ஸ் வெளியே நீளும். வாட்டர்ப்ரூஃப்ல நீள முடியாது, நீண்டா அங்கயும் ஒரு சந்து. அதனால ஒளியை உள்ளேயே 90 டிகிரி திருப்பி, உடம்புக்குள்ளயே ஜூம் பண்றாங்க. அந்த ஒல்லியான உடம்புக்குள்ள அடங்கற லென்ஸ்தான் வைக்க முடியும். நிக்கான் 2013-ல ஏடபிள்யூ1னு ஒண்ணு விட்டுச்சு. ஒரு இன்ச் சென்சார், கழட்டி மாத்தற லென்ஸ், 15 மீட்டர் ஆழம். அதை அவங்க தொடரலை. சோனியோட ஆர்எக்ஸ்0 ஒரு இன்ச் சென்சாரோட 10 மீட்டர் போகும், ஆனா ஜூம் கிடையாது.

அதனால மிச்சம் இருக்கிறது லென்ஸ் எவ்ளோ ஒளியை உள்ளே விடுதுங்கிறதுதான். எஃப்/2.0ன்னு போட்டிருக்கிற லென்ஸ், எஃப்/3.9 லென்ஸை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஒளியை உள்ளே விடும். மேகம் மூடின குற்றாலத்துல, சாரல்ல, மரத்தடியில, இந்த நாலு மடங்குதான் முகம் தெளிவா வருதா, பெயின்டிங் மாதிரி வழியுதான்னு முடிவு பண்ணும். மெகாபிக்சல் இல்ல. சொல்லப்போனா இவ்ளோ சின்ன சென்சார்ல 20 மெகாபிக்சல் திணிச்சா ஒவ்வொரு பிக்சலும் 1.2 மைக்ரான். எஃப்/4.9ல லென்ஸ் வழியா வர்ற ஒரு புள்ளி, டிஃப்ராக்ஷனால 6 மைக்ரானுக்கு மேல பரவிடும். அதாவது ஒரு புள்ளி அஞ்சு பிக்சல் அகலத்துக்கு இழுசலா விழுது. அந்த 20 மெகாபிக்சல்ல பாதிக்கு மேல வெறும் ஃபைல் சைஸ்தான்.

இதைப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒலிம்பஸ் ஒரு காரியம் பண்ணுச்சு. அவங்க டிஜி-4 (2015) 16 மெகாபிக்சல். அடுத்து வந்த டிஜி-5 (2017) 12 மெகாபிக்சல்! விளம்பரத்துல நம்பரைக் குறைச்சுக் காட்ட ஒரு கம்பெனிக்குத் தைரியம் வேணும். டிஜி-6 (2019), இப்போ ஓஎம் சிஸ்டம் பேர்ல வர்ற டிஜி-7 (2023) ரெண்டும் அதே 12தான். எஃப்/2.0 லென்ஸ், 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தாலும் தாங்கும்னு கணக்கு, ரா ஃபைல் கிடைக்கும், லென்ஸுல இருந்து 1 செ.மீ. தூரத்துல ஃபோகஸ் ஆகும். முக்கியமா, கதவைத் தள்ளி மூடினதும் முடிஞ்சுபோகாது. தனியா ஒரு பூட்டையும் நகர்த்தணும். என்னோட ஓட்டு இந்த வரிசைக்குத்தான். 31 மீட்டர் போற பானசோனிக்கோ, 30 மீட்டர் போற நிக்கான் டபிள்யூ300ஓ மோசம்னு சொல்லலை. ஆனா நம்மல்ல யாரு 30 மீட்டர் போகப்போறோம்? ரெண்டு மீட்டர் தண்ணியில நிக்கறவனுக்கு 15க்கும் 30க்கும் வித்தியாசம் கிடையாது. எஃப்/2.0க்கும் எஃப்/2.8க்கும் ஒளி ரெட்டிப்பு வித்தியாசம்.

டிஜி-7 அமெரிக்காவுல 550 டாலருக்கு அறிமுகமாச்சு. ஹாஸ்டல்வாசிக்கு அது கனவு. அதனால செகண்ட்ஹேண்ட் டிஜி-5, டிஜி-6 தேடுங்க. ஆனா கடைக்காரர் எடுத்துக் காட்டற சாம்பிள் போட்டோவைப் பார்க்காதீங்க. கதவைத் திறங்க. ரப்பர்ல வெடிப்பு இருக்கா, அமுங்கித் தட்டையா ஆயிடுச்சா, ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கா, உள்ளே இருக்கிற உலோகத் தகட்டுல பச்சை இருக்கா. மொபைல் டார்ச் போட்டுப் பாருங்க. சர்வீஸ்ல ரப்பர் மாத்திக் கொடுப்பாங்களான்னு முன்னாடியே விசாரிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லித்தான் பல மேனுவல்ல இருக்கு. ரப்பருக்கு வயசாகும். சேலஞ்சர் விண்கலம் 1986-ல வெடிச்சதுக்குக் காரணமே குளிர்ல விறைச்சுப்போன ஒரு ஓ-ரிங்தான்னு மெஷின் டிசைன் கிளாஸ்ல கேட்டிருப்பீங்க. நம்ம கேமராவுக்கு அவ்ளோ சோகம் வேண்டாம், ஆனா ரப்பர் ரப்பர்தான்.

வீடியோதான் முக்கியம்னா ஆக்‌ஷன் கேமரா வாங்குங்க, தப்பில்ல. கோப்ரோல பல மாடல் கவர் இல்லாம 10 மீட்டர், டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 18 மீட்டர். பின்னதுல 1/1.3 இன்ச் சென்சார் வேற, மேலே சொன்ன காம்பாக்டை விடப் பெருசு. ஆனா எல்லாமே ரொம்ப அகலமா வரும். 11 பேர் குரூப் போட்டோ எடுத்தா ஓரத்துல நிக்கறவன் மூஞ்சி பூசணிக்காய். அதுலயும் பேட்டரிக் கதவு இருக்கு, அதுலயும் ரப்பர் இருக்கு.

எதை வாங்கினாலும், கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரியே ரூம்ல, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, முழு சார்ஜ் பேட்டரியும் பெரிய மெமரி கார்டும் போட்டு மூடிடுங்க. அன்னைக்கு முழுக்கத் திறக்காதீங்க. திறந்தே ஆகணும்னா, சோப்பு போட்டுக் கழுவித் துடைச்ச கை, நிழல், கேமராவும் துடைச்சுக் காஞ்சிருக்கணும். நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணி. துண்டு கூடவே கூடாது. மேனுவல் சொன்னாலொழிய ரப்பருக்கு கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். கடல்ல போட்டு எடுத்தா, கதவைத் திறக்காம நல்ல தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைங்க, அப்புறம் நிழல்ல காய வைங்க.

இதை எழுதறதுக்கு முன்னாடி, போன வாரம், மெஸ்ஸுக்கு வெளியே அவன்கிட்ட சொன்னேன். ரெண்டு வருஷமா சொல்லாததை ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அந்த மஞ்சத் துண்டாடா?"ன்னு மட்டும் கேட்டான். 8,000ல 5,000 அனுப்பியிருக்கேன். மிச்சம் ஸ்டைபண்ட் வந்ததும்.

ஃபைனல் இயர் டூருக்கு ராமேஸ்வரம் போறோம். ஒரு பழைய டிஜி-5 கிடைச்சிருக்கு, புது ரப்பர் போட்டாச்சு. கதவை மூடற வேலை அவனோடது. பக்கத்துல நின்னு டார்ச் பிடிக்கறது நான்.